ராத்திரியில தேக்காவுலேர்ந்து சாங்கி பீச்சுக்கு: கூட்டமா சைக்கிள்ல போறது எப்படி

சிங்கப்பூர்ல ராத்திரியே சைக்கிள்ல கெளம்பிப் போய் சாங்கி பீச்சுல சூரியன் உதிக்கறத பாக்கறது, இத பத்தி பேச்செடுத்தாலே எல்லாரும் மொதல்ல கேக்கறது எத்தன கிலோமீட்டர், என்னால ஓட்ட முடியுமான்னுதான். முடியும். தேக்கா இருக்கற லிட்டில் இந்தியாவுலேர்ந்து கடல் ஓரமாவே சாங்கி பீச் போனா சுமாரா 30 கிலோமீட்டர், மேடுன்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே கிடையாது, நடுவுல நடுவுல நின்னு தண்ணி குடிச்சு கத பேசிட்டு போனா வாரத்துல ஒரு நாள் மார்க்கெட்டுக்கு சைக்கிள் எடுக்கறவங்க கூட போயிடலாம். கஷ்டம் போறதுல இல்ல, காலைல எட்டு மணிக்கு வெயில் ஏறும்போது ராத்திரி முழுக்க தூங்காத பன்னெண்டு பேரையும் பன்னெண்டு சைக்கிளையும் எப்படி வீட்டுக்கு கொண்டு போய் சேக்கறதுங்கறதுலதான் இருக்கு. அதனால பிளான திரும்பி வர்றதுலேர்ந்து ஆரம்பிங்க.

திரும்பறதுக்கு இருக்கற வழி இதான். மடக்கற சைக்கிள்னா எம்ஆர்டி ரயில்லயும் பஸ்ஸுலயும் எந்த நேரமும் ஏத்தலாம், ஆனா மடிச்சதுக்கு அப்புறம் 120 செமீ நீளம், 70 செமீ உயரம், 40 செமீ அகலத்துக்குள்ள அடங்கணும். சாங்கி வில்லேஜ் பஸ் முனையத்துலேர்ந்து 2ஆம் நம்பர் பஸ் தானா மேரா பக்கமா டவுனுக்கு போகும், 29 தெம்பனிஸ் போகும். மடக்க முடியாத சைக்கிள ஏத்த விடமாட்டாங்க, கெஞ்சிப் பாக்காதீங்க, டிரைவர் என்ன பண்ணுவாரு பாவம். அப்படி சைக்கிள் வச்சிருக்கறவங்க முன்னாடியே சைக்கிள் ஏத்தற மேக்ஸி கேப் இல்ல வேன் புக் பண்ணி காச பங்கு போட்டுக்கலாம், இல்ல வந்த வழியே மிதிச்சு திரும்பணும். யாரு எதுல திரும்பறாங்கன்னு வாட்ஸ்அப் குரூப்ல பேரு போட்டு எழுதி வைங்க, "அங்க போய் பாத்துக்கலாம்"னு சொல்றவருதான் காலைல நடு ரோட்டுல முழிச்சிட்டு நிப்பாரு.

முதல் தடவை வர்றவங்களுக்கு நான் சொல்றது வாடகை சைக்கிள், எனிவீல் ஹலோரைட் மாதிரி. கனமா இருக்கும், வேகமா போகாது, பரவால்ல, போய் சேந்ததும் மஞ்ச கோடு போட்ட இடத்துல நிறுத்தி க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி முடிச்சிட்டு கைய வீசிட்டு பஸ் ஏறிடலாம். கண்ட இடத்துல போட்டுட்டு வந்தா தனியா காசு பிடிப்பாங்க, அதனால சாங்கி வில்லேஜ்ல மஞ்ச கட்டம் எங்க இருக்குன்னு முதல்லயே ஆப்புல பாத்து வச்சுக்குங்க.

அடுத்தது நேரம். பதினோரு மணிக்கே கெளம்பிடலாம்னு குரூப்ல ஒருத்தராவது சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. பதினொண்ணுக்கு கெளம்பினா மூணு மணிக்கு பீச்சுல இருப்பீங்க, அங்கேர்ந்து சூரியன் வர நாலு மணி நேரம் கொசுக்கடியில உக்காந்திருக்கணும். ஊர்ல ஆறு மணிக்கெல்லாம் வெளுத்துடுமேன்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு விஷயம், இங்க 1982 ஜனவரி 1லேர்ந்து மலேசியாவோட சேந்து கடிகாரத்த அர மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க, அதான் சூரியன் நமக்கு லேட்டாவே வருது. நவம்பர் தொடக்கத்துல 6:46 வாக்குல, பிப்ரவரி நடுவுல 7:16 வாக்குல, மத்த மாசமெல்லாம் இதுக்கு நடுவுல. உதிக்கறதுக்கு இருவது நிமிஷம் முன்னாடியே வானம் நெறம் மாற ஆரம்பிச்சிடும், அதனால ஆறே காலுக்கு மணல்ல கால் வைக்கணும்னு கணக்கு போடுங்க. மணிக்கு 12 கிலோமீட்டர்னு வச்சா ஓட்டறது ரெண்டர மணி நேரம், நிக்கறது ஒன்றர மணி நேரம், ஆக ரெண்டு மணிக்கு தேக்காவ விட்டு நகந்தா சரியா இருக்கும். சாயங்காலம் ஒரு ரெண்டு மூணு மணி நேரம் தூங்கிட்டு வரச் சொல்லுங்க, கண்டிப்பா.

ஆளுங்கள பிரிக்கறது ரொம்ப முக்கியம். ரோட்டுல போகும்போது வரிசையா ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்னா ஒரு குழுவுக்கு அஞ்சு பேருக்கு மேல கூடாது, ஜோடி ஜோடியா போனா பத்து பேரு வரைக்கும், ஆக நீளம் எப்படியும் அஞ்சு சைக்கிள் அளவுதான். 2022 ஜனவரிலேர்ந்து இதுதான் சட்டம், மீறினா 150 வெள்ளி அபராதம். ரெண்டு குழுவுக்கு நடுவுல ரெண்டு விளக்குக் கம்பம் தூரம், அதாவது 30 மீட்டர் கிட்ட, விடச் சொல்றாங்க. ஒத்த லேன் ரோட்டுலயும், பஸ் லேன் ஓடற நேரத்துல பஸ் லேன்லயும் ஜோடியா போகக் கூடாது. ரோட்டுல ஏறினா ஹெல்மெட் கட்டாயம், எக்ஸ்பிரஸ்வே பக்கம் தலையே காட்டக் கூடாது. நம்ம வழி பெரும்பாலும் பார்க்குங்கள இணைக்கற பார்க் கனெக்டர் பாதைதான், அங்க 25 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் விடுவாங்க, நடைபாதையில வெறும் 10. கரண்ட் சைக்கிள் வச்சிருக்கற நண்பர் வந்தா அவரு நடைபாதையில ஏறவே கூடாது, நம்பர் பிளேட்டும் தேர்வு பாஸும் வேற வேணும், அதனால அவர சாதா சைக்கிள்ல வரச் சொல்றது நல்லது.

ஒவ்வொரு அஞ்சு பேருக்கும் முன்னாடி ஒரு ஆளு, கடைசில ஒரு ஆளு. முன்னாடி போறவரு வழி தெரிஞ்சவரா இருந்தா போதும், ஆனா கடைசி ஆளுதான் உங்க கூட்டத்துலயே பொறுமையான, பஞ்சர் ஒட்டத் தெரிஞ்ச ஆளா இருக்கணும், எந்த காரணத்துக்கும் அவர் யாரையும் பின்னால விட்டுட்டு முந்திப் போகக் கூடாது. நல்லா ஓட்டறவங்க எல்லாம் முன்னாடி ஜிவ்வுனு போயிட்டு பின்னாடி ரெண்டு அக்காங்க தனியா இருட்டுல மாட்டிக்கறதுதான் இந்த மாதிரி ரைடுல அடிக்கடி நடக்கற கூத்து. அதனால வேகத்த மெதுவா போறவங்கள வச்சு முடிவு பண்ணுங்க, அவங்கள முன்னால போறவருக்கு அடுத்தாப்ல ரெண்டாவதா விடுங்க, அவங்க இழுக்கற வேகத்துல மத்தவங்க தானா அடங்கிடுவாங்க. "குழி", "ஆளு", "நிறுத்தறேன்" இந்த மூணு வார்த்தைய முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் கத்தி கடத்தணும், அடுக்குமாடி பக்கம் போகும்போது மட்டும் கைய காட்டுனா போதும், ராத்திரி ரெண்டு மணிக்கு யாரையும் எழுப்ப வேணாம்.

சைக்கிள முந்தின நாளே பாத்துடுங்க. கை பிரேக் ஒண்ணாவது ஒழுங்கா பிடிக்கணும், அதுவும் சட்டம்தான். முன்னால வெள்ள லைட்டு, பின்னால செவப்பு லைட்டு இல்ல ரிஃப்ளெக்டர் இல்லாம இருட்டுல ஓட்டக் கூடாது, ஆனா வெறும் ரிஃப்ளெக்டர நம்பாதீங்க, விமான நிலையம் ஓரமா போற சாங்கி கோஸ்ட் ரோடு பக்கம் வந்தா ஏன்னு உங்களுக்கே புரியும். வாடகை சைக்கிள் எடுத்தாலும் கைல ஒரு சின்ன லைட்டு கொண்டு போய் மாட்டிக்குங்க. முஸ்தஃபா கடையில கடைசி நேரத்துல வாங்கிக்கலாம்னு இருக்காதீங்க, கோவிட்டுக்கு முன்னாடி மாதிரி இப்ப 24 மணி நேரம் இல்ல. ஒரு குழுவுக்கு ஒரு பம்ப்பு, டயர் கழட்டற லீவர், அலன் கீ செட்டு, அவங்கவங்க சைஸுக்கு ஒரு ட்யூப். பம்ப்பு வால்வுக்கு பொருந்துதான்னு வீட்டுலயே அடிச்சுப் பாருங்க, மோட்டார் சைக்கிள் மாதிரி தடிச்ச வால்வு ஒண்ணு, ஒல்லியா ஒண்ணு, ரெண்டும் வேற. அப்புறம் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு கொறையாம, கொசு மருந்து, மெல்லிசா ஒரு ரெயின்கோட், பவர் பேங்க், பஸ் ரயிலுக்கு ஈஸிலிங்க் கார்டு. தொட உரசாத மாதிரி டவுசர் போடுங்க, ஜீன்ஸ் போட்டு வந்தவங்க அடுத்த நாள் நடக்கறத பாத்தாலே தெரியும்.

கெளம்பறதுக்கு முன்னாடி பிராட்டா சாப்பிடலாம், ஒண்ணு ரெண்டோட நிறுத்துங்க, கோழிக்கறி பிரியாணி எல்லாம் வேணாம், நாலு மணிக்கு கண்ண சொக்க வச்சிடும்.

வழி. லவெண்டர் ஸ்ட்ரீட் ஓரமா மெதுவா போய் காலாங் ரிவர்சைட் பார்க்குல எறங்கிட்டா அதுக்கப்புறம் பெரிய ரோட்டு தொல்ல இல்ல, தண்ணி ஓரமாவே ஸ்டேடியம் வந்துடும். இந்த துண்டுல நீர்நாய் குடும்பத்த பாக்க வாய்ப்பு இருக்கு, பாத்தா நிறுத்தி வழி விடுங்க, லைட்ட மூஞ்சில அடிக்காதீங்க. அங்கேர்ந்து தஞ்சோங் ரூ, அப்புறம் இசிபி எக்ஸ்பிரஸ்வேக்கு அடியில பூந்து ஈஸ்ட் கோஸ்ட் பார்க். இங்க கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர், கண்ண மூடிட்டு ஓட்டலாம் போல இருக்கும், ஆனா சனிக்கிழமை ராத்திரி கேம்ப் போட்டவங்க, பார்பிக்யூ முடிச்சு நடந்து வர்ற பசங்கன்னு பாதையில திடீர் திடீர்னு ஆளு வருவாங்க, நடக்கறவங்க பாதையும் சைக்கிள் பாதையும் தனித்தனி, நம்மளுதுல நாம இருக்கணும். பிடோக் ஜெட்டி கிட்ட முதல் பெரிய ஓய்வு. ஜெட்டிக்குள்ள சைக்கிள தள்ளிட்டு போங்க, மீன் புடிக்கற அங்கிள்ஸ் தூண்டில் பின்னால வீசும்போது முள்ளு எங்க வருதுன்னு தெரியாது, டயருக்கும் ஆபத்து நமக்கும் ஆபத்து. டாய்லெட்டு போறவங்க, தண்ணி ரொப்பறவங்க எல்லாம் ஈஸ்ட் கோஸ்ட் முடியறதுக்குள்ள முடிச்சிடணும்.

ஏன்னா அதுக்கப்புறம் வர்ற விமான நிலையம் ஓரமான நீட்டு ரோடு வேற கத. நேரா, இருட்டா, கட கண்ணி எதுவும் கெடையாது, மரம் கம்மி, காத்து நேரா மூஞ்சில அடிக்கும், டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வடகிழக்கு பருவக் காத்துல இன்னும் மோசம். மணி நாலு நாலர ஆயிருக்கும், தூக்கம் அடிச்சு வீழ்த்தற நேரமும் அதான், வழியும் ஒரே மாதிரி இருக்கறதால கண்ணு தானா சொருகும். இங்க குழுவ நெருக்கமா வச்சுக்குங்க, பேசிட்டே போங்க, ஒருத்தர் பதில் சொல்றது லேட்டானா உடனே நிறுத்தி அஞ்சு நிமிஷம் நடக்க விடுங்க, ஒரு வாழப்பழம் குடுங்க. டெர்மினல் 5 வேல நடக்கறதால பாதைய மாத்திட்டே இருக்காங்க, அந்த வாரத்துல யாராவது ஒருத்தர் பகல்ல போய் பாத்துட்டு வந்துட்டா ராத்திரி தகரத் தடுப்பு முன்னாடி நின்னு மேப்ப தேட வேண்டாம்.

யாருக்காவது முடியலன்னா இந்த நீட்டு ரோட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். ஈஸ்ட் கோஸ்ட் முடியற எடத்துலேர்ந்து சாங்கி ஏர்போர்ட் கனெக்டர்னு ஒரு பாதை பிரியுது, 2020ல தொறந்தது, 3.5 கிலோமீட்டர்ல டெர்மினல் 2. நடுவுல டைனோசர் பொம்மைங்க வரிசையா நிக்கும், அர தூக்கத்துல பாத்தா கொஞ்சம் பக்குனு இருக்கும். டெர்மினல்ல ராத்திரி முழுக்க வெளிச்சமும் ஏசியும் டாய்லெட்டும் டாக்ஸியும் இருக்கு. அங்க போறவங்க கூட கண்டிப்பா இன்னொருத்தர அனுப்புங்க.

மழைய பத்தி தனியா சொல்லணும். ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் சுமத்ரா ஸ்குவால்னு ஒண்ணு வரும், ராத்திரியில மலாக்கா நீரிணை பக்கம் கெளம்பி சரியா விடியற நேரத்துக்கு மேக்கேர்ந்து நம்ம மேல வந்து விழும், இடி மின்னலோட ஒரு மணி ரெண்டு மணி நேரம் போட்டு எடுக்கும். நாம கெழக்க பாத்து போறதால முதுகுக்குப் பின்னாடி வர்றது தெரியாது. கெளம்பும்போதும், பிடோக்லயும் மை இஎன்வி ஆப்புல மழை ரேடார பாருங்க, மேக்கால நீளமா ஒரு பட்ட நகந்து வருதுன்னா பிடோக்லயே கூரைக்கு அடியில உக்காந்துடுங்க. அந்த வெட்டவெளி ரோட்டுல மின்னல்ல மாட்டினா ஒதுங்க எடமே இல்ல. சூரியன பாக்க முடியாம போனா போகுது. யாராவது விழுந்து தலைல அடிபட்டா கொழப்பிக்காதீங்க, ஆம்புலன்ஸுக்கு 995.

சாங்கி பீச் பார்க் வந்து சேந்தாச்சு. எதுத்தாப்ல பூலாவ் உபின், தெக்கோங், அந்தப் பக்கம் ஜொகூர். பைக்குள்ள பீர் வச்சிருக்கற தம்பிக்கு சொல்லிடுங்க, ராத்திரி 10:30லேர்ந்து காலை 7 வரைக்கும் பொது இடத்துல குடிக்கக் கூடாதுங்கற சட்டம் 2015லேர்ந்து இருக்கு, பீச்சும் பொது இடம்தான். கூடாரம் போடணும்னா பார்க்குங்கள பாத்துக்கற என்பார்க்ஸோட பர்மிட் வேணும், பாய் விரிச்சு உக்கார போறவங்களுக்கு அது தேவையில்ல. இதே மணல்லதான் 1942 பிப்ரவரி 20ந்தேதி ஜப்பான்காரங்க 66 பேர சுட்டுக் கொன்னாங்க, அதுக்கு ஒரு நினைவுக் கல்வெட்டு பார்க்குல இருக்கு, வெளிச்சம் வந்ததும் ஒரு நிமிஷம் நின்னு படிச்சுப் பாருங்க.

சாப்பாட்டுக்கு சாங்கி வில்லேஜ் ஹாக்கர் சென்டர், நாசி லெமாக்குக்கு, அதாவது தேங்காப்பால் சோத்துக்கு, பேரு போன எடம். சைவக்காரங்க கவனம், சம்பல்ல நெத்திலியோ பெலாச்சான்ங்கற எறா விழுதோ இருக்கும், வீட்டுலேர்ந்து ஒரு டப்பால இட்லி பொடி தடவி கொண்டு வந்துட்டா நிம்மதி. பக்கத்துலயே சாங்கி வில்லேஜ் ரோட்டுல ஸ்ரீ ராமர் கோயில் இருக்கு, போகணும்னு நெனைச்சா பையில ஒரு வேட்டியோ நீட்டு பாவாடையோ சுருட்டி வச்சுக்குங்க, சைக்கிள் டவுசரோட போய் நிக்காதீங்க. இன்னும் தெம்பு இருக்கறவங்க படகுல உபின் போறேன்னு கெளம்புவாங்க, பம்போட்டுல பன்னெண்டு பேரு சேந்ததும் எடுப்பாங்க, சைக்கிளுக்கு தனி காசு. தூங்காம உபின் மண் ரோட்டுல ஓட்டறது எனக்கு சரியாப் படல, வேற ஒரு நாள் தனியா போங்க.

மிதிச்சே திரும்பறவங்க எட்டு மணிக்குள்ள கெளம்பிடணும், ஒம்பதுக்கு மேல அந்த நீட்டு ரோட்டுல நெழலே கெடையாது. பாட்டில ஹாக்கர் சென்டர்லயே ரொப்பிக்குங்க, சன்ஸ்கிரீன் பூசிக்குங்க, ராத்திரி வந்த அதே கடைசி ஆளு வேணாம், அவருக்கும் தூக்கம் வரும், நல்லா முழிச்சிருக்கற வேற ஒருத்தர பின்னால போடுங்க. தள்ளாடறவங்கள ஓட்டவே விடாதீங்க, சைக்கிள வேன்ல போட்டுட்டு ஆள 2ஆம் நம்பர் பஸ்ல ஏத்தி விடுங்க. வீடு சேந்ததும் குரூப்ல ஒவ்வொருத்தரும் ஒரு மெசேஜ் போடணும், போடாதவங்களுக்கு மத்தியானத்துக்கு முன்னாடி ஃபோன் அடிங்க, பாதி பேரு ஷூவ கூட கழட்டாம சோஃபால தூங்கிட்டு இருப்பாங்க.