மழைக்காலத்துல ஹேவ்லாக் தீவு: காடும் பீச்சும் ஒரே நாள்ல பாக்க தருமபுரிக்காரன் சொல்ற வழி

ஜூலைல அந்தமான்ல இருக்கற ஹேவ்லாக் தீவுக்கு போறேன்னு சொன்னதும் எங்க மாமா கேட்ட மொத கேள்வி, ஏன்டா ஒகேனக்கல்ல தண்ணி பத்தலையான்னு. சீசன் இல்லாததால டிக்கெட்டும் ரூமும் கம்மியா கெடச்சுது, அவ்ளோதான் காரணம். போயிட்டு வந்து சொல்றேன், மழைல தாராளமா போலாம், ஆனா நாளை எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னு தெரியாம போனா காடும் போச்சு பீச்சும் போச்சு, ரூம்ல உக்காந்து டிவிதான்.

மழை எப்படின்னா, நமக்கு வருஷம் முழுக்க சேர்த்து 850 மில்லிமீட்டர் சொச்சம், அங்க 3000. கேரளாவுக்கு ஜூன் 1 வாக்குல வர்ற மழை அங்க மே 20ஐ ஒட்டியே வந்துடும், அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. ஆனா நாள் பூரா கொட்றதில்ல, ஒரு மணி நேரம் அடிச்சு ஊத்தும், அப்புறம் பளிச்சுன்னு வெயில், அந்த கேப்புலதான் நம்ம வேலை எல்லாம்.

சென்னை, பெங்களூரு ரெண்டுல இருந்தும் போர்ட் பிளேயருக்கு நேரா ப்ளைட் இருக்கு (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க), அங்கேர்ந்து படகு. ஹேவ்லாக்குக்கும் இப்ப ஸ்வராஜ் த்வீப்னு பேரு, டிக்கெட்ல அதான் இருக்கும், தப்பான படகோன்னு பயப்படாதீங்க. பிரைவேட் படகு ஒன்றரை மணி நேரம், கவர்மெண்ட் கப்பல் ரெண்டரை. பரிசல்ல சுத்தினவனுக்கு இதெல்லாம் என்னான்னு தெனாவட்டா ஏறினேன், பாதி வழியிலயே கவர் கேட்டேன். வாந்தி வர்றவங்க டாக்டர்கிட்ட கேட்டு முன்னாடியே மாத்திரை போட்டுக்கோங்க. இன்னொண்ணு, கடல் கொந்தளிச்சா படகு கேன்சல், அதனால தீவுல இருந்து திரும்புற நாளுக்கும் ஊருக்கு ப்ளைட் ஏறுற நாளுக்கும் நடுவுல ஒரு நாள் சும்மா விடுங்க, காசு வேஸ்ட்டுன்னு நெனைக்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயம், நேரம். மேப்ல தருமபுரில இருந்து நேரா கிழக்கால ஒரு கோடு போட்டீங்கன்னா ஏறக்குறைய ஹேவ்லாக் மேலயே போய் நிக்கும், ரெண்டும் அட்சரேகை 12 டிகிரியை ஒட்டிதான். ஆனா கிழக்கால 15 டிகிரி தள்ளி, அதாவது சூரியன் நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. கடிகாரம் மட்டும் ஒண்ணு. ஜூலைல காலைல அஞ்சுக்கே விடிஞ்சுடும், சாயந்திரம் ஆறு ஆகறதுக்குள்ள சூரியன் போயிடும், டிசம்பர்னா அஞ்சுக்கே. அடர்ந்த காட்டுக்குள்ள, அதுவும் மேகம் போட்டா, மூணு மணிக்கே டார்ச் தேடணும். ஒன்பது மணிக்கு பொங்கல் வடை சாப்ட்டு கெளம்புற பழக்கத்தை ஊர்லயே விட்டுட்டு வாங்க. நாலு மணிக்கே எழுந்து காலாபத்தர் பீச் போங்க, அது கிழக்கு கரை, விடியல் அங்கதான், மேகமா இருந்தாலும் கறுப்பு பாறையும் பச்சை தண்ணியும் பாத்துட்டு ஏழரைக்கெல்லாம் திரும்பிடலாம்.

அடுத்தது காடு. ராதாநகர் போற ரோட்ல பாதி வழில எலிஃபண்ட் பீச்சுக்கு ஒரு காட்டுப்பாதை பிரியும், ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். மழைல சில நாள் விடமாட்டாங்க, வாசல்லயே கேட்டுக்கோங்க, உள்ள போறதா இருந்தா வழி தெரிஞ்ச உள்ளூர் ஆளோட போங்க. மரம் வெட்டி இழுக்க அந்த காலத்துல யானை கொண்டுவந்தாங்க, பேர் அதுலேர்ந்து வந்ததுதான். ராஜன்னு ஒரு யானை கடல்ல நீந்தறதுக்கே பேர் போனது, 2016ல செத்துப்போச்சு. மரம் ஒவ்வொண்ணும் நம்ம வத்தல்மலைல பாக்கற மாதிரி இல்ல, வேரு பலகை மாதிரி ஆள் உயரத்துக்கு நிக்குது, அதுக்கு பின்னாடி ஒதுங்கினா ஒரு சின்ன மழையே தாங்கும். கீழ செம்மண் சேறு, ஷூ போட்டா ரெண்டு கிலோ சேத்து தூக்கணும், பின்னாடி வார் வச்ச ரப்பர் செருப்பு போதும்.

இங்கதான் நான் மாட்டினேன். நம்மூர்ல ஆத்துல தண்ணி ஏறுதுன்னா மேட்டூர், கர்நாடகா நியூஸ் பாத்தா தெரியும், கடல் டெய்லி ரெண்டு தடவ ஏறி ரெண்டு தடவ வத்தும்னு எனக்கு எங்க தெரியும். பாதை முடியற இடத்துல அலையாத்தி மரம், சுனாமில சாஞ்ச பெரிய பெரிய மரக்கட்டை, அதுங்களுக்கு நடுவுல ஈரமணல்ல ஜாலியா நடந்து போனோம். ரெண்டரை மணி நேரம் கழிச்சு திரும்பினா அந்த மணலையே காணோம், தொடை வரைக்கும் தண்ணி, தலைல பை, கைல செருப்பு, வழுக்கற கட்டையை ஒண்ணொண்ணா புடிச்சு மச்சான் முன்னாடி போக நான் பின்னாடி. வெளிய வந்து டீ குடிச்ச கடை அக்கா தமிழ்தான் (அங்க நம்மாளுங்க நெறைய), தலைல அடிச்சுகிட்டு, “தம்பி, வத்தம் எப்பன்னு கேக்காம யாராச்சும் உள்ள போவாங்களா”ன்னாங்க. வத்தம்னா கடல் தண்ணி நல்லா இறங்கி நிக்கற நேரம்.

அதனால மொத நாள் ராத்திரியே ரூம்லயோ படகுக்காரங்ககிட்டயோ மறுநாள் வத்தம் எத்தனை மணிக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க. வத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி உள்ள போய், வத்தி ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்ப ஆரம்பிச்சுடுங்க. டெய்லி ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும், நேத்து போனவன் சொன்ன டைம் இன்னிக்கு ஒதவாது. அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஏத்தம் ஜாஸ்தி, அதுக்கு வீட்டு காலண்டரே போதும். வத்தம் விடியக்காலைலயோ சாயந்திரமோ வந்துச்சுன்னா காட்டுப்பாதையை விட்டுட்டு படகுத்துறைல இருந்து படகு, அது ஓடுனா. கடல் மோசம்னா அதுவும் ஓடாது.

மதியம் மீன் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், மூணு மணிக்கெல்லாம் ராதாநகர். டைம் பத்திரிகை 2004ல ஆசியாவுலயே நல்ல பீச்சுன்னு சொன்னது இதைத்தான். மேற்கு கரைங்கறதால மழை மாசத்துல அலை முரட்டுத்தனமா இருக்கும். ரெண்டு பக்கமும் நுரை பொங்கி நடுவுல ஒரு இடம் மட்டும் அமைதியா கருப்பா இருக்கும், நம்ம ஆளு ஆத்துல இறங்கற புத்தில அங்கதான் போவான், அதுதான் தண்ணி உள்ள இழுக்கற எடம். மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து நீந்தாதீங்க, கரையோடவே பக்கவாட்டுல நகர்ந்து வெளிய வாங்க. முதலை போர்டு வச்ச எடத்துல கால் கூட நனைக்காதீங்க, போர்டு சும்மா வைக்கல. மணல் ஈ ஒண்ணு இருக்கு, கண்ணுக்கே தெரியாது, மறுநாள்தான் அரிக்கும், காலுக்கு தேங்காய் எண்ணெய் தடவிட்டு உக்காருங்க. பவளம், சங்குன்னு பொறுக்கி பைல போட்டா ஏர்போர்ட்ல புடிச்சுடுவாங்க.

மேகம் விலகி அஞ்சே முக்கால் போல சூரியன் கடல்ல இறங்கினப்ப அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன், மூணு தடவ கட் ஆகி கிடைச்சுது. அவங்க மொட்டை மாடில வத்தல் எடுத்துட்டு இருந்தாங்க, பின்னாடி நல்ல வெயில். “அதுக்குள்ள எப்படிடா இருட்டுது அங்க”ன்னாங்க. பதில் சொல்றதுக்குள்ள கடைசி பஸ் ஹார்ன் அடிச்சான், அதை விட்டா படகுத்துறை வரைக்கும் 12 கிலோமீட்டர், ஆட்டோக்காரர் சொல்றதுதான் ரேட்டு, அதனால எறங்கும்போதே கண்டக்டர்கிட்ட திரும்ப எத்தனை மணிக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க.