கிளப் மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரர் இணையத்தில் பெயர் எடுப்பது எப்படி?

அடிக்கடி கிளப் மாறும் கால்பந்து ஆட்டக்காரருக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. ஓர் ஊர் ரசிகர்களுக்கு முகம் பழகுவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும், அடுத்த ஊரில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி இருப்பவர்கள் அடேபயோ அகின்ஃபென்வா செய்ததைக் கவனியுங்கள். லண்டனில் 1982-இல் பிறந்தவர், லிதுவேனியாவின் அட்லாண்டாஸில் ஆரம்பித்து ஸ்வான்சி, மில்வால், நார்தாம்ப்டன், ஜில்லிங்கம், விம்பிள்டன், விக்கம் என்று பத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீகில் ஒரு ஆட்டம்கூட கிடையாது. ஆனாலும் உலகம் முழுக்க ஆள் தெரியும்.

முதலில், எதை வைத்து உங்களைக் கேலி செய்கிறார்களோ அதை நீங்களே கையில் எடுங்கள். இந்த உடம்புக்குக் கால்பந்து சரிப்படாது என்று அவரிடம் சொன்னவர்கள் உண்டு, எடை சுமார் நூறு கிலோ. ஃபிஃபா வீடியோ கேமில் அவருடைய பலத்துக்கு 97 மதிப்பெண் கொடுத்ததும், நார்தாம்ப்டன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத பையன்கள்கூட அவரை டீமில் எடுத்தார்கள். அவரும் கூச்சப்படாமல் ‘பீஸ்ட் மோட் ஆன்’ என்று பெயர் வைத்து டி-ஷர்ட் விற்றார். அந்தப் பெயரில் எந்த கிளப்பும் இல்லை, கவனித்தீர்களா? உங்கள் கணக்கின் பெயரிலும் கிளப், ஜெர்சி எண் இரண்டும் வேண்டாம், அடுத்த சீசனே பழசாகிவிடும்.

அதற்காக வீடியோ மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது, கோலும் வேண்டும். 2015 ஜனவரியில், பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் மோதும் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையில், சின்ன வயதிலிருந்து தான் ரசித்த லிவர்பூலுக்கு எதிராகவே விம்பிள்டனுக்காக கோல் போட்டார். ஆட்டம் 2-1 என்று கைவிட்டுப் போனது, அந்த கோலை யாரும் மறக்கவில்லை.

அப்புறம், கேமரா முன்னால் வரும்போது மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காதீர்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 2016 மே மாதம், வெம்பிளி மைதானம், நான்காம் டிவிஷனிலிருந்து மேலே ஏறுவது யார் என்று முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். கடைசி நிமிடங்களில் பெனால்டி அடித்து பிளைமவுத்துக்கு எதிரான வெற்றியை 2-0 என்று உறுதி செய்தார். விம்பிள்டன் கிளப்போ அவரை விடுவிக்கப் போகிறது. மூச்சு வாங்க டிவி மைக் முன்னால் வந்தவர், இப்போது நான் வேலையில்லாதவன், மேனேஜர்கள் யாராவது வாட்ஸ்அப் பண்ணுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். வேலை போன சங்கதியை எல்லோரும் மறைக்கத்தான் பார்ப்பார்கள், இவர் அதையே விளம்பரமாக்கினார். அந்தத் துண்டு வீடியோ காட்டுத்தீ மாதிரி பரவியது. அந்தக் கோடையிலேயே விக்கம் எடுத்துக்கொண்டது, 2022-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தார்.

ஒரு ஜோக் எடுபட்டுவிட்டால் தினமும் அதையே அரைக்காதீர்கள், சமயம் வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். 2020-இல் விக்கம் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறிய இரவு அவர் பழைய வாட்ஸ்அப் கதையைத் திரும்ப எடுத்தார்: இன்றைக்கு எனக்கு மெசேஜ் அனுப்பலாம் என்றால் அது லிவர்பூல் மேனேஜர் க்ளாப் மட்டும்தான். க்ளாப் நிஜமாகவே வாழ்த்து வீடியோ அனுப்பினார்.