பாண், குசினி, மேசை: வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் பழக்குவது எப்படி?

என் அக்கா குடும்பம் ஸ்பெயினில், வலென்சியாவில் இருக்கிறது. நாங்கள் கிளிநொச்சியில். போனில் முகம் பார்க்கும்போது அங்குள்ள பிள்ளைகளும் என் பிள்ளைகளும் சிரிப்பார்கள், கை காட்டுவார்கள், அதோடு சரி. பெரியம்மாவின் பிள்ளைகள் என்றால் எங்கள் வழக்கில் அண்ணாவும் அக்காவும்தான். அவர்களோடு கதைக்க ஒரு சொல்லும் இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தாங்கவில்லை.

முதலில் ஒரு செயலியை இறக்கி, நாளுக்கு 20 சொல் பாடமாக்க வைத்தேன். இரண்டு கிழமையில் இருவரும் போனைக் கண்டாலே ஓடினார்கள். பிறகு வேறு வழியில் தொடங்கினோம். ஸ்பானிஷ் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். நானும் பிள்ளைகளோடு சேர்ந்துதான் படித்தேன்.

முதலாம் படி: வீட்டைச் சுற்றி வாருங்கள்

கொப்பியை மூடி வைத்துவிட்டுக் குசினிக்குள் போங்கள். போர்த்துக்கீசர் 1560இல் மன்னாரைப் பிடித்தார்கள், 1619இல் யாழ்ப்பாண அரசையும் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினாலும் அவர்களுடைய சொற்கள் எங்கள் வீடுகளில் தங்கிவிட்டன. போர்த்துக்கீசமும் ஸ்பானிஷும் இலத்தீன் வழிவந்த சகோதர மொழிகள். அதனால் எங்கள் பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே பாதி ஸ்பானிஷ் இருக்கிறது:

பாண் – எல் பன்
குசினி – லா கொதீனா
மேசை – லா மேசா
சப்பாத்து – எல் தபாத்தோ
துவாய் – லா தோஆயா
அலுமாரி – எல் அர்மாரியோ

கொதீனா, தபாத்தோ என்பதெல்லாம் ஸ்பெயின் உச்சரிப்பு. கொதீனாவின் 'தீ'யையும் தபாத்தோவின் முதல் 'த'வையும் நாக்கு நுனி பல்லிடையில் நிற்கச் சொல்ல வேண்டும். தென்னமெரிக்காவில் கொசீனா, சபாத்தோ என்பார்கள், அது எங்கள் சொல்லுக்கு இன்னும் கிட்ட. உங்கள் உறவினர் எங்கே இருக்கிறார்களோ அந்த உச்சரிப்பையே பிடியுங்கள்.

முன்னால் நிற்கும் எல் (ஆண்பால்), லா (பெண்பால்) இரண்டையும் விடாதீர்கள். ஸ்பானிஷில் மேசைகூடப் பெண்பால். தமிழில் அஃறிணைக்கு இந்தப் பிரச்சினையே இல்லாததால் எங்கள் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். நான் எல் சொற்களை நீலக் கடதாசியிலும் லா சொற்களை மஞ்சள் கடதாசியிலும் எழுதிப் பொருளிலேயே ஒட்டினேன். அலுமாரியில் ஒட்டிய நீலத் துண்டு இன்னும் இருக்கிறது.

ஒரு சொல் மட்டும் காலை வாரும். 'கதிரை'யும் போர்த்துக்கீசச் சொல்தான், ஆனால் ஸ்பானிஷில் 'கதேரா' என்றால் இடுப்பு. கதிரைக்கு 'லா சீயா' என்பார்கள். என் மகள் கதிரையைக் காட்டி "கதேரா" என்றதும் அங்கே அண்ணாக்காரன் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவர்கள் ஒரு சொல்லை வைத்துக் கதைத்த முதல் நாள் அதுதான்.

இரண்டாம் படி: ஒலிகள்

இதற்கு ஒரு பின்னேரம் போதும். ஸ்பானிஷின் ஐந்து உயிரொலிகளும் எங்கள் அ, எ, இ, ஒ, உ தான். எங்கள் ஞ அங்கேயும் உண்டு. சின்னப் பையன் 'நீஞோ'. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். இரண்டாவதுக்கு நாக்கு உருள வேண்டும், வல்லின ற-வை அழுத்தி நீட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: தமிழிலிருந்து வசனம்

ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிஷ் படிப்பிக்காதீர்கள். தமிழ்தான் கிட்டிய பாதை. சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய் என்னும்போது யார் என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது அல்லவா? அங்கேயும் அப்படித்தான்: கோமோ (சாப்பிடுகிறேன்), கோமெஸ் (சாப்பிடுகிறாய்), கோமெ (சாப்பிடுகிறான், சாப்பிடுகிறாள்).

அடுத்தது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது: "மெ குஸ்தா எல் மாங்கோ", எனக்கு மாம்பழம் பிடிக்கும். 'மெ' எங்கள் 'எனக்கு' போலவே நிற்கிறது. மாங்கோவும் தமிழ், மலையாளக் கரையிலிருந்து போர்த்துக்கீசர் கொண்டுபோன சொல்தான். ஒரு கிழமை முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் மெ குஸ்தாவை மட்டும் சொல்ல விடுங்கள். பிடிக்காததற்கு "நோ மெ குஸ்தா". பாகற்காய்க் கறி வைத்த அன்று எங்கள் வீட்டில் அதைத்தான் அதிகம் கேட்டோம்.

நான்காம் படி: ஞாயிற்றுக்கிழமை அழைப்பு

ஸ்பெயின் எங்களுக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால். இங்கே இரவு ஏழரை என்றால் அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சாப்பிட்ட பிறகும் எழும்பாமல் இருந்து கதைக்கும் அந்த வழக்கத்துக்கு அவர்கள் 'சோப்ரெமேசா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அதற்குள் எங்கள் மேசை இருப்பதை மகனே கண்டுபிடித்தான்.

அழைப்பு பத்து நிமிடம் போதும். ஒரு ஸ்பானிஷ் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இதில் நான் கண்டிப்பு, ஏனென்றால் அக்காவின் பிள்ளைகளுக்கும் தமிழ் வேண்டும். வலென்சியாவும் வயல் நாடு, அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் விளைகிறது. அவர்கள் பயேயா என்ற சோற்றுச் சாப்பாட்டைச் சமைக்கும் அகன்ற தாச்சியைக் காட்டினால், நாங்கள் இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலைக் காட்டுவோம். அர்ரோத், அரிசி. அந்த இரண்டு சொல்லையும் யாரும் மறக்கவில்லை.

ஐந்தாம் படி: உறவும் பண்டிகையும்

ஸ்பானிஷில் பெரியம்மா, சித்தி, மாமி எல்லாருக்கும் 'தீயா'தான். அண்ணா முறையும் மச்சான் முறையும் ஒன்றாகி 'ப்ரீமோ' ஆகிவிடும். சொல்லைப் படிப்பியுங்கள், ஆனால் கூப்பிடும்போது அண்ணா, அக்கா என்றே கூப்பிடட்டும். அங்கே வீட்டுக்குள் பெரியவர்களையும் பெரும்பாலும் 'தூ', அதாவது நீ என்பார்கள். அது அவர்களுக்கு மரியாதைக் குறைவு இல்லை என்பதை அம்மம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மடுத் திருவிழா நாளான ஆகஸ்ட் 15 அங்கேயும் மாதாவின் விண்ணேற்பு விடுமுறை. அன்று பேச நிறைய இருக்கும். ஆனால் நான் காத்திருப்பது டிசம்பர் 31க்குத்தான். அங்கே நடுஇரவில் மணி 12 முறை அடிக்க, ஒவ்வோர் அடிக்கும் ஒரு முந்திரிகைப்பழம் (திராட்சை) சாப்பிடுவார்கள். இங்கே அப்போது விடிய நாலரை. போன வருசம் இருட்டில் எழும்பி, ஆளுக்கு 12 பழம் கழுவிக் கோப்பையில் எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி இருந்தோம். உனோ, தோஸ், த்ரெஸ் என்று இரண்டு வீடும் சேர்ந்து எண்ணியது. பதினொன்றுக்கு 'ஒன்தெ' வராமல் மகள் முழித்தாள். அங்கிருந்து அண்ணா வாய் நிறையப் பழத்தோடு "பதினொண்டு!" என்றான், தமிழில்.