மைஎஸ்க்யூஎல்லில் தமிழ் சிதைந்து வந்தால்: மாற்றும் முன் அளந்து பாருங்கள்

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இயங்கும் பழைய தளத்தைப் புது சர்வருக்கு மாற்றியதும் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகவோ, தலையில் குறி போட்ட ரோமன் எழுத்துகளாகவோ வருகிறதா? பதறிப்போய் டேபிளை யூடிஎஃப்8எம்பி4 என்ற யூனிகோட் குறியாக்கத்துக்கு கன்வர்ட் செய்துவிடாதீர்கள். சிக்கல் பெரிதாவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

முதலில் பேக்கப். பிறகு, ‘தமிழ்’ என்று மட்டும் சேமித்த ஒரு பழைய பதிவைத் தேடி, அந்த ஃபீல்டின் மீது லெங்த், சார்_லெங்த் என்ற இரு ஃபங்ஷன்களையும் ஓட்டுங்கள். முன்னது பைட்டுகளை எண்ணும், பின்னது குறியெண்களை. நம் கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் ‘தமிழ்’ யூனிகோடில் 5 குறியெண்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.

15, 5 என்று வந்தால் தரவு நலம். திரையில் கேள்விக்குறி தெரிந்தாலும் கோளாறு, தளத்தின் நிரல் தரவைப் படிக்கும் இணைப்பின் குறியாக்க அமைப்பில்தான். டேபிளைத் தொடவே வேண்டாம்.

15, 15 என்றால் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) ஃபீல்டுக்குள் யூடிஎஃப்8 பைட்டுகள் அப்படியே கிடக்கின்றன. பழைய தளத்தில் எழுதிய இணைப்பும் படித்த இணைப்பும் லத்தீன்1 என்பதால் யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கும். இங்கே நேரடி கன்வர்ட் செய்தால் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகக் கருதப்பட்டு மறுபடி குறியாக்கம் ஆகும். சரியான வழி இரண்டு படி: ஃபீல்டை முதலில் பிளாப் வகைக்கு மாற்றுங்கள், அடுத்து யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட் ஆக்குங்கள். பிளாப் பைட்டுகளுக்குப் பொருள் கொள்வதில்லை, அதனால் அவை மாறாமல் கடந்துவிடும்.

30, 15 என்றால் அந்த இரட்டைக் குறியாக்கம் ஏற்கனவே நடந்துவிட்டது. ஃபீல்டில் உள்ள மதிப்பை லத்தீன்1-க்கு கன்வர்ட் செய்து, அதை பைனரியாக காஸ்ட் செய்து, பின் யூடிஎஃப்8எம்பி4-க்குக் கொண்டுவர வேண்டும். ஒரே டேபிளில் நல்ல வரிகளும் கெட்ட வரிகளும் கலந்திருப்பது சகஜம். எனவே முதலில் செலக்ட்டில் பார்த்து, கெட்ட வரிகளை மட்டும் அப்டேட் செய்யுங்கள்.

5, 5 என்றால் உள்ளே இருப்பது நிஜக் கேள்விக்குறிகள். தமிழ் போய்விட்டது, பேக்கப்தான் கதி. எழுதும் இணைப்பு யூடிஎஃப்8 ஆக இருக்க, லத்தீன்1 ஃபீல்டில் தமிழை எழுதும்போது இது நேரும். ஸ்ட்ரிக்ட் மோடு (பொருந்தாத தரவை ஏற்க மறுக்கும் அமைப்பு) இயங்கினால் சேமிக்கும்போதே பிழை வந்து தடுத்திருக்கும். எரிச்சல் தருகிறதென்று அதை அணைத்து வைக்காதீர்கள்.

சரிசெய்த பின் இணைப்பு. பிஎச்பியில் பிடிஓ வழியாக இணைகிறீர்கள் என்றால், இணைப்பு விவரம் தரும் டிஎஸ்என் வரியிலேயே சார்செட் கொடுங்கள். மைஎஸ்க்யூஎல்ஐ என்றால் செட்_சார்செட். இரண்டிலும் மதிப்பு யூடிஎஃப்8எம்பி4. வெறும் யூடிஎஃப்8 என்பது மைஎஸ்க்யூஎல்லில் நெடுங்காலமாக 3 பைட் வரை மட்டுமே கொள்ளும் வடிவம். வழக்கமான தமிழ் எழுத்துகள் அதில் பிழைத்துக்கொள்வதால் சோதனையில் எல்லாம் சரியாகத் தோன்றும். பயனர் ஒரு ஈமோஜி போட்டதும் உடையும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் 4 பைட் வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் யூடிஎஃப்8எம்பி4தான் இயல்புநிலை. ஆனால் பழைய டேபிள்கள் தம் பழைய அமைப்போடேயே வரும். 5.6 போன்ற பதிப்பில் 255 நீள யூடிஎஃப்8எம்பி4 வார்சார் ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் போட்டால் 767 பைட் வரம்பில் முட்டும். 191 ஆகக் குறைத்தால் நிற்கும்.

விண்டோஸ் பவர்ஷெல்லில் டம்ப் (தரவுத்தளத்தின் நகல் கோப்பு) எடுப்பவர்கள் அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பாதீர்கள். பழைய பவர்ஷெல் அதை யூடிஎஃப்16 ஆக எழுதிவிடும், திரும்ப ஏற்ற முடியாது. மைஎஸ்க்யூஎல்டம்ப்பின் ரிசல்ட்-ஃபைல் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். 5.7இன் டம்ப் கருவி என்றால் டிஃபால்ட்-கேரக்டர்-செட் மதிப்பையும் யூடிஎஃப்8எம்பி4 என்று நீங்களே கொடுக்க வேண்டும். விட்டால் ஈமோஜிகள் டம்ப்பிலேயே கேள்விக்குறியாகிவிடும்.