சிறுவயதில் பதிந்த நம்பிக்கைகளை ஆராய்வது எப்படி?

இந்த வேலையில் ஆராய்வதைவிட, ஆராயவேண்டியதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். சிறுவயதில் பதிந்த நம்பிக்கை தன்னை நம்பிக்கையாகக் காட்டிக்கொள்வதில்லை. 'உலகம் அப்படித்தான்' என்ற தோற்றத்திலேயே நமக்குள் இருந்துவிடுகிறது. ஆகவே எரிச்சலிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் வேறு விதமாக நடந்துகொள்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று தெரிந்தும் உங்களுக்கு முகம் சுளிக்கத் தோன்றினால், அங்கே பழைய விதி ஒன்று வேலை செய்கிறது. அதை முழு வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள்: 'விரலில் நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும்', 'எனக்குக் கணக்கு வராது', 'பெரியவர்களை எதிர்த்துப் பேசுபவன் உருப்பட மாட்டான்.' எழுத்தில் வந்தவுடனேயே சில வாக்கியங்கள் பாதி வலுவை இழந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று கேளுங்கள். யார் சொன்னார், எந்த வயதில், காரணம் ஏதும் சொன்னாரா? பெரும்பாலும் நினைவுக்கு வராது. அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே பரிசு இருக்கும் பெட்டியைத் திறக்கும் முறையைத் தேவையற்ற சில செயல்களையும் சேர்த்தே செய்துகாட்டினார்கள். பெட்டி ஒளிபுகுவதாக இருந்து, எந்தச் செயல் வீண் என்று கண்ணுக்குத் தெரிந்தபோது சிம்பன்சிகள் வீண் செயல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ அவற்றையும் அப்படியே செய்தார்கள். இதை மடமை என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே ஏற்பேன் என்று ஒரு குழந்தை அடம்பிடித்தால், அது மொழியைக்கூடக் கற்றுக்கொள்ள முடியாது. இதனுடன் திரும்பத் திரும்பக் கேட்பதும் சேர்கிறது: ஒரு கூற்றைப் பலமுறை கேட்டாலே அது மேலும் உண்மையாகத் தோன்றுகிறது என்று 1977இலேயே ஆய்வொன்று காட்டியது.

ஆனால் மூலத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பாட்டி சொன்னதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, பொய்யாகியும் விடாது.

உலகத்தைப் பற்றிய கூற்றுகளுக்குச் சோதனை உண்டு. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கருக்கு நெட்டி முறிப்பதைப் பற்றி அம்மாவும் அத்தைமார்களும் பிற்காலத்தில் மாமியாரும் எச்சரித்திருந்தார்கள். அவர் சுமார் 50 ஆண்டுகள் தினமும் குறைந்தது இரண்டு முறை இடது கையில் மட்டும் நெட்டி முறித்து, வலது கையை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தார். இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் வரவில்லை என்று 1998இல் எழுதினார்; 2009இல் இதற்கு நகைச்சுவையான 'இக் நோபல்' பரிசும் கிடைத்தது. ஒரே மனிதரின் கைகளை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாதுதான். ஆயினும், நம்பிக்கை தோற்பதற்கு அவர் நேர்மையான வாய்ப்பை அளித்தார் என்பதே கவனிக்கவேண்டியது. உங்கள் வாக்கியத்தின் கீழேயும், 'எது நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வேன்?' என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். விடை எழுத முடியாத கூற்றை உலகத்தைப் பற்றிய கூற்றாகக் கருதாதீர்கள்.

தன்னைப் பற்றிய கூற்றுகளைச் சுருக்குங்கள். 'கணக்கு வராது' என்பது, 'பத்து வயதில் பின்னங்கள் புரியவில்லை, அவசரமாகக் கற்பித்தார்கள்' என்று சுருங்கினால், இன்று பின்னங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

நன்மை தீமை பற்றிய விதிகள் சோதனைக்கு வராதவை. அவற்றிடம் வேறு கேள்விகள் கேட்க வேண்டும்: இது யாரைக் காக்கிறது, யார் விலை கொடுக்கிறார், அவர் இடத்தில் நான் இருந்தால் இதை நியாயம் என்பேனா? மரியாதை என்ற விதி முதியவரைப் புண்படாமல் காக்கலாம். தவறிழைத்தவரைக் கேள்வியிலிருந்தும் காக்கலாம். அப்போது விதியைப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஐயுறவேண்டாம். அனைத்தையும் சந்தேகிக்கத் துணிந்த பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த்தே, வீட்டை இடித்துக் கட்டும் காலத்தில் தங்க வேறு இடம் வேண்டும் என்று சொல்லி, அதுவரை தம் நாட்டின் வழக்கங்களையே பின்பற்றுவதாக 1637இல் எழுதினார். மேலும், அறிவு ஒரு நம்பிக்கையைக் கைவிட்ட பிறகும் அதன் பயம் சில காலம் உடலில் தங்கியிருக்கும்; அந்தப் பதற்றத்தை நம்பிக்கைக்கான சான்றாக எண்ணிவிடாதீர்கள். சொல்லிக்கொடுத்தவரிடம் பேச விரும்பினால், முடிவை அறிவிக்காமல், 'உங்களுக்கு இதை யார் சொன்னார்கள்?' என்று கேளுங்கள். முடிவு கிடைக்காதவற்றை 'தெரியாது' என்று குறித்து, தேதியிட்டு, தாளிலேயே விட்டுவையுங்கள்.