ஹை-ஹாட்டின் விறைப்பு போனது இப்படித்தான்

இசை மென்பொருளில் 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 பீட்) வேகத்தில் ஒரு டிரம் பேட்டர்ன். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் (சுள்ளென ஒலிக்கும் சிறிய டிரம்) நன்றாக அமைந்துவிட்டன. பதினாறாம் நோட்டுகளில் (ஒரு பீட்டுக்கு நான்கு அடி) ஓடும் ஹை-ஹாட் (ஜோடி உலோகத் தட்டு) மட்டும் தட்டச்சு இயந்திரம் போல ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. மனிதர் வாசித்தது போல ஆக்கும் ஹியூமனைஸ் வசதி இங்கே உதவவில்லை. நோட்டுகளை இஷ்டத்துக்கு நகர்த்தித் தாளத்தையே குலைத்தது.

வெலாசிட்டியை (ஒவ்வொரு அடியின் பலம்) திறந்தால் எல்லா நோட்டும் 100. பீட்டில் விழும் அடியை 105 ஆக்கினேன், இரண்டு பீட்டுக்கு நடுவில் விழுவதை 80, மீதி எல்லாம் 50. டிரம்மரின் கையில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம் இதுதான். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

அப்புறம் ஸ்விங், அதாவது ஜோடி ஜோடியாக வரும் நோட்டுகளில் இரண்டாவதைக் கொஞ்சம் தாமதமாக்குவது. ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷினிலேயே இருந்த அருமையான வசதி. அவருடைய கணக்கில் எண் என்பது ஜோடியின் நேரத்தில் முதல் நோட்டின் பங்கு: 50 சதவீதம் என்றால் நேர் (இரண்டும் சமம்), 66 என்றால் டிரிப்லெட் (மூன்றில் இரண்டு பங்கு). நான் 58 வைத்தேன். இந்த வேகத்தில் ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது நோட்டு சுமார் 27 மில்லிசெகண்ட் தாமதமாக விழும். ஹை-ஹாட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும், கிக்கும் ஸ்னேரும் கிரிட்டிலேயே (மென்பொருளின் சம இடைவெளிக் கோடுகள்) இருக்கட்டும். சில மென்பொருள்களில் ஸ்விங் அளவு 0-இலிருந்து தொடங்கும். அங்கே இதே எண்ணைப் போடாதீர்கள்.