இரைப்பைச் சுவரில் கட்டியா? இந்தத் தவறுகள் வேண்டாம்

எண்டோஸ்கோப்பியில் இரைப்பைக்குள் ஒரு புடைப்பு தெரிகிறது. பயாப்ஸி எடுக்கிறார்கள். 'புற்றுநோய் இல்லை' என்று ரிசல்ட் வந்ததும் ஃபைலை மூடி வைத்துவிடுகிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது. வழக்கமான பயாப்ஸி இடுக்கி மேலே இருக்கும் சளிச்சவ்வை மட்டுமே கிள்ளும். கட்டி அதற்கு அடியில் இருந்தால், லேபுக்குப் போனது பெரும்பாலும் கட்டியே அல்ல.

கண்மூடித்தனமாக ஆழக் கிள்ளுவதும் ஆபத்து. புடைத்த இரத்தக்குழாயும் பார்வைக்குக் கட்டி போலத்தான் இருக்கும். கிள்ளினால் இரத்தம் கொட்டும். வெளியிலிருந்து மண்ணீரல் அழுத்தினாலும் உள்ளே மேடு தெரியும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட், அதாவது ஸ்கோப்பின் நுனியிலிருந்தே எடுக்கும் ஸ்கேன். அதில் இரைப்பைச் சுவர் 5 அடுக்குகளாகத் தெரியும். 3ஆம் அடுக்கில் வெண்மையாக, சீராக இருந்தால் அநேகமாகக் கொழுப்புக் கட்டி. தொந்தரவு இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். 4ஆவதான தசை அடுக்கிலிருந்து கருமையாகக் கிளம்பினால் அது ஜிஸ்ட் (புற்றுநோயாகப் பரவக்கூடிய ஒரு வகை) கட்டியா, சாதாரணத் தசைக்கட்டியா என்று பார்க்க வேண்டும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஸ்கோப் வழியாகவே ஊசி போட்டு எடுத்த திசுவில் சிடி117, டாக்1 என்ற அடையாளப் புரதங்கள் இருக்கின்றனவா என்று சோதித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

2 செ.மீ.க்குக் குறைவான கட்டியை எல்லாம் உடனே வெட்ட வேண்டியதில்லை. பலவற்றைக் குறித்த இடைவெளியில் கண்காணித்தாலே போதும். ஆனால் ஓரம் கரடுமுரடாக இருந்தாலோ, மேலே புண் இருந்தாலோ, அடுத்த பரிசோதனைக்குள் வளர்ந்திருந்தாலோ 'சின்னதுதானே' என்று இருந்துவிடாதீர்கள்.

எடுப்பது என்று முடிவானால், 'தழும்பில்லாமல் வாய் வழியாகவே எடுங்கள்' என்று அடம்பிடிப்பது பெரிய தவறு. ஜிஸ்ட் கட்டியை உடையாமல் முழுதாக எடுக்க வேண்டும். உடைந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிதறி, நோய் திரும்பும் வாய்ப்பு கூடிவிடும். தசை அடுக்கில் ஆழமாக இருக்கும் கட்டியை எடுக்கும்போது சுவரிலேயே துளை விழலாம். அதை அங்கேயே மூடத் தெரிந்த குழு வேண்டும். சிலருக்கு லேப்ராஸ்கோப்பிதான் பாதுகாப்பு.

இரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

ஜிஸ்ட் கட்டி வெளியே வந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. அளவோடு, 5 சதுர மி.மீ. பரப்பில் எத்தனை செல்கள் பிரிகின்றன என்பதையும் ரிப்போர்ட்டில் பாருங்கள். நோய் திரும்பும் ஆபத்து அதிகமென்றால் பொதுவாக 3 ஆண்டுகள் இமாட்டினிப் என்ற மாத்திரை தருவார்கள். அதைத் தொடங்குமுன் மரபணு மாற்றப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கட்டியின் மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் அந்த மருந்து வேலை செய்யாது.